பாட்டியம்மாளின் பிஸ்கட்

"பிஸ்கட்டுக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது உண்டா?" என்று யாராவது கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். தேநீரில் தோய்த்துத் தின்னும் மொறுமொறுப்பான பண்டத்துக்கல்லவா நாம் பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறோம்? அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அந்தப் பெயருக்குரிய வஸ்துவே வேறு. அது உள்ளங்கையில் அடங்கும்; மேலே பொன்னிறமாகப் பொருக்குத் தட்டியிருக்கும்; நடுவில் விண்டால் ஆவி பறக்கும்; உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்து இட்லியைப் போல் மிருதுவாக இருக்கும். காலையில் சுட்டுச் சூடு ஆறுமுன் தின்னவேண்டிய ஆகாரம் அது.

அதன்மேல் ஊற்றும் குழம்புக்குக் கிரேவி என்று பெயர். சாதாரண நாட்களில் மாமிசம் வறுத்த கொழுப்பில் மாவும் பாலும் சேர்த்து உப்பும் மிளகுமாகக் காய்ச்சுவார்கள். ஆனால் டென்னஸி, கெண்டக்கி, ஆர்க்கன்ஸா மலைப் பிரதேசங்களில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையிலும் குழந்தைகளின் பிறந்த நாளிலும் வேறொரு கிரேவி உண்டு. கோகோவும் சர்க்கரையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய சாக்லேட் கிரேவி அது. அதைச் செய்யக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, டென்னஸி மாகாணத்து நாக்ஸ்வில் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் 78 வயதுள்ள ஒரு பாட்டியம்மாள் தனியாக வசித்து வந்தார். நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி என்னைத் "தேனே" என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வயது கடந்த உபாத்தியாயினியைத் தேனே என்று அழைக்க உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப் போயிற்று.

"கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் வீட்டாருக்கெல்லாம் என் வீட்டில்தான் ஆகாரம்" என்று அழைத்தார். நாங்கள் மாமிசம் உண்ணாதவர்கள் என்று தயங்கிச் சொன்னேன். "அப்படியானால் சாக்லேட் கிரேவிதான். கடவுள் உங்களுக்காகவே அதைப் படைத்திருக்கிறார்" என்றார்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று முந்தின நாள் மாலையில் அச்சிட்ட குறிப்பு ஒன்றைப் பார்த்து நானே பிஸ்கட் செய்தேன். மாவு பிசைவதில் எனக்குள்ள கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பூரிக்குப் பிசைவதுபோல் கால் மணி நேரம் அழுத்திப் பிசைந்து, மெழுகுபோல் திரட்டி, அழகாக இட்டு, வட்டம் வட்டமாக வெட்டிச் சுட்டேன். சுட்டு எடுத்ததும் அவை மேஜைமேல் 'டக்' என்று விழுந்தன. பாட்டியம்மாள் ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "தேனே, நீ இதன்மேல் மிகுந்த அன்பு காட்டிவிட்டாய்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அவருடைய சமையலறையில் ஆஜரானேன். கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தன. "எத்தனை கிண்ணம் மாவு?" என்று கேட்டேன். "போதுமான அளவு" என்றார். "மோர் எவ்வளவு?" "அது வேண்டுமென்று கேட்கும் வரையில்."

இந்தப் பதில்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் தாயார் அதிரசம் செய்வதில் கைதேர்ந்தவர். பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று கேட்டால், "பக்கத்தில் வந்து நின்று பார், தெரியும்" என்பார். நானோ காம்போஸிஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு, "அடுத்த தீபாவளிக்குப் பார்க்கிறேன், அம்மா" என்பேன். அவர் காலமாகி இப்போது ஏழு தீபாவளிகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் கடை அதிரசந்தான்.

ஆகையால் அன்று ஒரு தந்திரம் செய்தேன். பாட்டியம்மாள் மாவு டப்பாவைத் திறக்குமுன் அதை டப்பாவோடு தராசில் நிறுத்தேன். அவர் அள்ளிப் போட்டபின் மறுபடி நிறுத்தேன். வெண்ணெயையும் மோர்ப் புட்டியையும் அப்படியே செய்தேன். அவர் பாட்டுக்குக் கையளவில் போட்டார்; நான் பாட்டுக்குக் கணக்கு எழுதினேன்.

மாவு 250 கிராம். அதில் பேக்கிங் பவுடர் ஒரு மேஜைக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. குளிர்ந்து இறுகிய வெண்ணெய் 85 கிராம். அவர் தாயார் காலத்தில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுதான் வழக்கமாம். எங்களுக்காகவே அன்று வெண்ணெய். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, விரல் நுனியால் மாவில் உதிர்த்தார். எல்லாம் கலந்து ஒன்றாகிவிடக் கூடாது. பட்டாணி அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் நிற்க வேண்டும். அடுப்புச் சூட்டில் அவை உருகும்போது அந்த இடத்தில் நீராவி கிளம்பி ஏடுகளைப் பிரிக்கிறது. கை வெப்பத்திலேயே வெண்ணெய் உருகிவிட்டால் ஏடும் இல்லை, எழுச்சியும் இல்லை.

பிறகு மோர். அந்நாட்டுக் கடைகளில் விற்கும் மோர் நம்முடையதைப்போல் நீர்த்ததல்ல. புளித்த தயிரைக் கடைந்து நீர் விடாமல் வைத்தாற்போல் கெட்டியாக இருக்கும். அது சுமார் 200 மில்லி விட்டு, ஒரு கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவைதான் கிளறினார். மோரின் புளிப்பும் சோடா உப்பும் சந்தித்த மாத்திரத்தில் கரியமில வாயு கிளம்பத் தொடங்குகிறது. ஆகையால் அதற்குமேல் தாமதம் கூடாது. மாவு சொரசொரவென்று, பார்க்க அரைகுறையாகவே இருந்தது. என் கை துறுதுறுத்தது. "தொடாதே!" என்றார் பாட்டியம்மாள்.

காரணம் பின்னால் விளங்கிற்று. கோதுமை மாவை ஈரப்படுத்திப் பிசையப் பிசைய, அதிலுள்ள புரதம் ரப்பர்போல் ஒரு பின்னலாகிறது. ரொட்டிக்கும் பூரிக்கும் அது வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுவே சத்துரு. தென் மாகாணத்தார் பிஸ்கட்டுக்கென்று புரதம் குறைந்த மென்கோதுமை மாவையே தேடுவதும் இதனால்தான். அந்தக் கோதுமை அவர்கள் பக்கத்திலேயே விளைவது. நாக்ஸ்வில் நகரத்தில் 1883-ல் தோன்றிய 'ஒயிட் லில்லி' மாவுக்கு அதனால்தான் அவ்வளவு கீர்த்தி. 2008-ல் அங்கிருந்த ஆலை மூடப்பட்டு, மாவு அதே பெயரில் வேறிடத்தில் அரைக்கப்படலாயிற்று. பாட்டியம்மாள் அதைச் சொல்லும்போது உறவினர் ஒருவர் ஊரை விட்டுப் போன மாதிரி சொன்னார்.

பலகையில் மாவைக் கொட்டிக் கையால் தட்டி, புடவையை மடிப்பதுபோல் இரண்டாக மடித்து, மறுபடி தட்டினார். இப்படி நான்கு தடவை. கடைசியில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சால் வெட்டினார். அச்சை நேரே அழுத்தி நேரே எடுக்க வேண்டும், திருகக் கூடாது. திருகினால் ஓரம் நசுங்கி ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், பிஸ்கட் எழும்பாது. எட்டுப் பிஸ்கட்டுகள் தேறின. ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாக அடுக்கி, 230 டிகிரி சூட்டில் பதினைந்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுட்டார்.

அந்த நேரத்துக்குள் கிரேவி தயாராயிற்று. கோகோத் தூள் கால் கிண்ணம், மாவு மூன்று மேஜைக்கரண்டி, சர்க்கரை முக்கால் கிண்ணம், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கட்டி தட்டும். பால் இரண்டு கிண்ணம். முதலில் கொஞ்சம் விட்டுக் குழைத்து, பிறகு மிச்சத்தையும் விட்டு, நிதானமான தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். ஏழெட்டு நிமிஷத்தில் கொதித்துக் கரண்டியின் முதுகில் படியும் பதம் வரும். அப்போது இறக்கி, ஒரு கரண்டி வெண்ணெயும் சிறிது வெனிலாவும் சேர்க்க வேண்டும். ஆறினால் இறுகும், ஆகையால் சற்று இளக்கமாகவே இறக்கிவிடுவது நலம்.

அவர் கிளறிக்கொண்டே பழங்கதை சொன்னார். மாவும் பாலும் வெண்ணெயும் வீட்டிலேயே உண்டு. ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியவை சர்க்கரையும் கோகோவுந்தான். தகப்பனார் வருஷத்தில் ஒரு டப்பாக் கோகோ வாங்கி வருவார். தாயார் அதை அலமாரியின் உச்சியில் வைத்துப் பூட்டுவார். ஆறு குழந்தைகளும் டிசம்பர் மாதம் முழுவதும் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "பரிசு என்று எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு காலை நாங்கள் பணக்காரர்கள்" என்றார்.

நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் தம்பியின் சிறு பெண் பிஸ்கட்டை விண்டு, கிரேவியில் மூழ்கடித்து, மூக்கிலும் பூசிக்கொண்டு தின்றாள். முந்தின நாள் நான் செய்தவற்றைப் பாட்டியம்மாள் மரியாதையாக ஒரு தட்டில் வைத்திருந்தார். அவற்றை ஒருவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

ஊர் திரும்பியபின் இந்தப் பண்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தேன். பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்பு தென் மாகாணத்துப் பெரிய வீடுகளில் 'அடித்த பிஸ்கட்' என்று ஒன்று இருந்தது. மாவைக் கட்டைமேல் போட்டு, அரை மணி நேரமும் அதற்கு மேலும் உலக்கை போன்ற தடியால் அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார்கள். எஜமானர் வீட்டு மேஜைக்கு அது வருவதற்காக விடியுமுன் எழுந்து அடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்துப் பெண்கள். சட்டம் அந்த அடிமைத்தனத்தை ஒழித்தது 1865-ல். அதற்குச் சற்று முன்பு, 1856-ல், ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடருக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பு ஒன்றைத் தயாரிக்கும் முறைக்குப் பேடண்ட் பெற்றார். அத்தகைய பொடிகள் பரவப் பரவ, அரை மணி நேரம் அடித்த வேலையை ஒரு கரண்டிப் பொடி செய்யலாயிற்று.

அந்தப் பெண்களின் கைப்பக்குவம் பெரும்பாலும் பெயரில்லாமலே மறைந்தது. தப்பியவற்றுள் ஒன்று அபி ஃபிஷர் அம்மையாருடையது. அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் சமையலுக்குப் பேர் பெற்றவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டு, 1881-ல் அதைப் புத்தகமாக அச்சிட்டார்கள். அதில் அடித்த பிஸ்கட்டுக்கும் குறிப்பு இருக்கிறது. யாரோ சிலர் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்ததனால் அந்தக் கைப்பக்குவம் இன்றும் பிழைத்திருக்கிறது.

சென்ற வருஷம் பாட்டியம்மாள் காலமானார். சில மாதம் கழித்து அவருடைய பேத்தியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பாட்டியின் வீட்டை ஒழித்தபோது குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. 'இந்தியாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள் நான் மாவை அள்ளும்போதெல்லாம் தராசு வைத்தாள்' என்று பாட்டி சொல்லிச் சிரித்தது மட்டும் நினைவிருந்தது. அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, மேலே சொன்ன அளவுகளையெல்லாம் எழுதி அனுப்பினேன். கிறிஸ்துமஸ் கழிந்ததும் பதில் வந்தது. கிரேவி பாட்டியின் கிரேவியாகவே அமைந்ததாம். பிஸ்கட் மட்டும் கல்லாகிவிட்டதாம்.

மாவை எத்தனை தடவை கிளறினாய், அச்சைத் திருகினாயா என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் "பார்த்தால் தெரியும்" என்று பதில் சொல்கிற கை ஒன்று இருக்கக்கூடும். வருகிற பண்டிகைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தராசையும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். காம்போஸிஷன் நோட்டுகளை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.