ஒலிக்கு விதி உண்டு, ஒளிக்கு?

இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறோம். அதன் பிறகும் பெயர்ப்பலகை விடிய விடிய எரிகிறது. யாருக்காக என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பக்கத்துக் கடையில் எரிகிறது, அதனால் நம் கடையிலும் எரிகிறது. அவர் இரண்டு விளக்குப் போட்டால் நாம் நான்கு போடுகிறோம். எல்.இ.டி. வந்தபின், செலவு குறைவுதானே என்று எண்ணிக்கையை இன்னும் கூட்டிவிட்டோம். வீட்டு இணைப்பைவிடக் கூடுதல் கட்டணம் கட்டுகிற நாம், ஆள் நடமாட்டமே இல்லாத தெருவுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீண் செலவோடு இது நிற்பதில்லை. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஈசல் திறந்த மூட்டைகளில் விழுவது மளிகைக் கடைக்காரர் அறிந்ததே. கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள், கடல் பக்கத்து வெளிச்சம் என்று நினைத்துச் சாலை விளக்கை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. இருண்ட வானம் வேண்டும் என்றே ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்குக்கூடம் அமைக்கப்பட்டது. 1988-இல் அங்கு கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியுள்ளது. சுற்றுவட்டார ஊர்களின் வெளிச்சம் வானத்தில் ஏற ஏற, இத்தகைய ஆராய்ச்சிக்கு இடையூறு கூடுகிறது.

ஒலி மாசுக்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒளி மாசுக்கு அப்படித் தனி விதிகள் நாட்டில் இல்லை.

இன்னொரு சட்டமா, இருக்கிற தொல்லை போதாதா என்று வணிகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் இல்லாவிட்டால் முதலில் விளக்கை அணைப்பவர் யார்? நான் மட்டும் அணைத்தால், கடையை மூடிவிட்டுப் போய்விட்டான் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் எவருக்கும் நட்டமில்லை.

பிரான்ஸ் நாட்டில் 2013 ஜூலை 1 முதல் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. கடைக் காட்சிப்பெட்டி விளக்குகளை நள்ளிரவு 1 மணிக்குள் அணைக்க வேண்டும். அதற்கு மேலும் கடை திறந்திருந்தால், மூடி ஒரு மணி நேரத்துக்குள் அணைக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் விலக்கு அளிக்கவும் இடமுண்டு. திருட்டுப் பயத்துக்கும் வழி வைத்தார்கள்: ஆள் அசைவு தெரிந்தால் மட்டும் தானே எரியும் பாதுகாப்பு விளக்குகளுக்குத் தடை இல்லை. நம் ஊரில் இரவு முழுதும் ஒரே மாதிரி எரியும் பலகையைவிட, திடீரென்று எரியும் விளக்கே திருடனை அதிகம் மிரட்டும்.

எனவே அரசு கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்ய வேண்டும்:

1. கடை மூடி ஒரு மணி நேரத்துக்குப் பின் பெயர்ப்பலகை, விளம்பர விளக்குகளை அணைக்கப் பொது விதி. இரவு முழுதும் திறந்திருக்கும் கடைகளுக்கும் பண்டிகை நாட்களுக்கும் விலக்கு.

2. அதே விதி பெரிய நிறுவனங்களின் மின்னணு விளம்பரப் பலகைகளுக்கும் பொருந்த வேண்டும்.

3. அரசின் தெருவிளக்குகளும் உயர்கோபுர விளக்குகளும் வானத்தை நோக்காமல் தரையை நோக்கி ஒளி தர மூடி பொருத்த வேண்டும்.

4. முதல் ஓராண்டு எச்சரிக்கை மட்டும், அபராதம் கூடாது. விதி வகுக்கும் குழுவில் சிறு வணிகர் பிரதிநிதி இடம்பெற வேண்டும்.

நான்காவது கோரிக்கைதான் முக்கியம். விதி என்றேனும் வரத்தான் போகிறது. நாம் வாய்மூடி இருந்தால், கடைத்தெருவை அறியாதவர்கள் அதை எழுதுவார்கள்; சோதனையும் அபராதமும் நம் தலையில் விழும். நாமே முன்வந்து கேட்டால், நமக்கு ஏற்றபடி கேட்கலாம்.

அதுவரை சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் என் கடைப் பலகையின் சுவிட்சை உள்பக்கம் மாற்றிவிட்டேன், பூட்டும்போதே அணைந்துவிடுகிறது. அடுத்த செயற்குழுவில் நமது சங்கம் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.