மாடத்தில் ஒரு மருதம்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவற்றுக்குச் செடிகொடிகளின் பெயர்களையே சூட்டியது தமிழ் மரபு. அம்மரபை வகுப்பறையில் விரித்துரைக்கும் நாமோ இன்று காலடியில் மண்ணில்லாத அடுக்ககங்களில் வாழ்கின்றோம். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் வெயில் விழும் பால்கனி ஒன்று உண்டு. துணி உலர்த்தவும் உடைந்த நாற்காலியைப் போட்டு வைக்கவும் பயன்படும் அச்சிறு மாடத்தில், இரசாயன உரமும் நஞ்சும் கலவாத காய்கறிகளையும் மலர்களையும் வளர்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

'நான்கு தொட்டிகளால் குடும்பத்தின் பசி தீருமோ?' என வினவுவாருளர். தீராது என்பது உண்மையே. ஆனால் 2020ஆம் ஆண்டு மே மாதம் நோய்த்தொற்றின் காரணமாகக் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நன்று. ஒரு வாயில் அடைபட, சென்னை மாநகரின் அடுக்களைகள் தடுமாறின. மேலும், பூச்சிமருந்து தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாள்களைக் காத்திருந்துதான் பறித்தார்களா என்பதை அங்காடிக் கீரையைப் பார்த்து எவராலும் அறிய இயலாது. நம் மாடத்துக் கீரைக்கு நாமே சான்று.

செய்முறை எளிது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சமபங்காகக் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டிகளில் நிரப்புக. நார்க்கழிவைப் பலமுறை அலசி, அதன் உப்பை நீக்குதல் இன்றியமையாதது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாள்தோறும் 6 மணி நேர வெயில் வேண்டும். 3 அல்லது 4 மணி நேரமே வெயில் படும் இடத்தில் கீரைகளை விதைக்கலாம். சிறுகீரை ஏறத்தாழ 25 நாள்களில் பறிப்புக்கு வந்துவிடும். அசுவினியும் மாவுப்பூச்சியும் தோன்றின், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் போதும். காய்கறிகளிடையே வைக்கும் செண்டுமல்லி கண்ணுக்கு விருந்தாவதோடு, வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் குறைக்கும். மல்லிகையைக் கார்த்திகைக்குப் பின் கவாத்து செய்தால் கோடையில் மலர் மிகும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கே அல்லலுற்ற நகரத்தில் செடிக்கு நீர் ஏது? அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும் சில தொட்டிகளுக்குப் போதும். தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் கீழ்வீட்டாரோடு பிணக்கும் எழாது. ஈரமண் கனமானது, ஆதலின் சுவரின் மேல் தொட்டிகளை அடுக்காமல் தரையில் பரவலாக வைத்தலே தக்கது.

இவற்றினும் பெரிய ஆதாயம் ஒன்றுண்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, 99 மலர்களை நிரல்படக் கூறுகின்றது. அவற்றைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவருள் எத்தனை பேர் அவற்றில் பத்தையேனும் கண்டறிவர்? அரும்பு, மொட்டு, முகை, மலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவந்தோறும் பெயரிட்டவர் நம் முன்னோர். மாம்பிஞ்சை வடு என்றும், பலாப்பிஞ்சை மூசு என்றும், வாழைப்பிஞ்சைக் கச்சல் என்றும் பிரித்து வழங்கும் தமிழின் வளத்தைத் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டியுள்ளார். இச்சொற்களைப் படைத்தவர் புலவர் மட்டும் அல்லர். நாளும் செடியருகே நின்று நோக்கிய உழவரும் பெண்டிரும் ஆவர். நோக்குவார் இல்லையெனில் சொற்கள் அகராதியில் உறங்கும், பிறகு மறையும். ஒரு மல்லிகைத் தொட்டியை ஒரு திங்கள் கவனிக்கும் மாணவன், அரும்புக்கும் மொட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உரைநூலின் துணையின்றியே உணர்வான்.

வெண்டையின் முதற்பிஞ்சுக்காக ஒன்றரைத் திங்கள் காத்திருந்தவன், சந்தையில் உழவரிடம் ஒரு ரூபாய்க்காக வாதிட நாணுவான். உழைப்பின் அருமையை இதனினும் நன்கு உணர்த்தும் பாடம் வேறில்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே, ஆளுக்கொரு தொட்டி வையுங்கள். அதில் வளரும் செடியின் தமிழ்ப்பெயரையும் அதன் பருவப் பெயர்களையும் ஏட்டில் குறியுங்கள். பெற்றோரும் பெரியோரும் அதற்கு மாடத்தில் மூன்றடி இடம் தந்து உதவுங்கள். மண்ணைத் தொட்ட கைகளே மொழியையும் காக்கும்.