கோரேஸ் சாட்சி சொல்வானா?

கடவுள் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் முதல் தடித்த இறையியல் நூல் வரை எடுத்துவைக்கும் பகுதி ஒன்று உண்டு. ஏசாயா 44ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமும் 45இன் தொடக்கமும்தான் அது. பாரசீக மன்னன் சைரஸை, தமிழ் வேதாகமம் பழகியவர்களுக்குக் கோரேஸை, அந்த வசனங்கள் பெயர் சொல்லி அழைக்கின்றன. எருசலேம் மறுபடி கட்டப்படும், ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடப்படும், அதற்குக் கருவி இவன் என்கின்றன. ஏசாயா வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டில். சைரஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல். நடுவில் நூற்றைம்பது ஆண்டு. இன்னும் பிறக்காத ஒருவனின், அதுவும் அந்நிய தேசத்தான் ஒருவனின் பெயரை மனிதன் எப்படி அறிவான்? ஆகவே கடவுள் உண்டு. வாதம் இவ்வளவுதான்.

இந்த வாதத்தைப் பிற்காலப் போதகர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏசாயா நூலே அதைத் தொடங்கிவைக்கிறது. 41ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. பிற நாட்டுத் தெய்வங்கள் கூண்டில் ஏற்றப்படுகின்றன. வரப்போவதைச் சொல்லுங்கள், நீங்கள் தெய்வங்கள்தானா என்று பார்த்துவிடுவோம் என்று அவற்றுக்குச் சவால் விடப்படுகிறது. அவை வாய் திறப்பதில்லை. 48ஆம் அதிகாரம் வரை இதே வழக்கு திரும்பத் திரும்ப வருகிறது: முன்னறிவித்தவர் எவரோ அவரே கடவுள். எனவே நூலில் இல்லாத ஒன்றை நம்பிக்கையாளர்கள் திணிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. கோரேஸைச் சாட்சியாக அழைத்தது நூல்தான். அழைத்த பிறகு குறுக்கு விசாரணைக்கும் இடம் தர வேண்டும்.

முதல் கேள்வி, இது எப்போது எழுதப்பட்டது? நூலின் முதல் 39 அதிகாரங்களில் பெரும்பாலும் அசீரியாவின் நிழல். ஆகாஸ், எசேக்கியா என்று யூதா அரசர்கள் வருகிறார்கள். கி.மு. 701இல் சனகெரிப் படையெடுத்து வந்தது வருகிறது. ஏசாயா நேரில் போய் அரசனிடம் பேசுகிறார். 40ஆம் அதிகாரம் தொடங்கியதும் காலமும் இடமும் மாறிவிடுகின்றன. அசீரியா பழங்கதை. எருசலேம் இடிந்து கிடக்கிறது. மக்கள் பாபிலோனில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆறுதல் சொல்லப்படுகிறது. ஏசாயா என்ற பெயர் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வருவதில்லை. 12ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் இப்ன் எஸ்றா இதைப் பூடகமாகச் சுட்டினார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர்கள் டோடர்லைனும் ஐக்ஹார்னும் வெளிப்படையாகவே சொன்னார்கள்: பிற்பகுதி அதிகாரங்கள், பாபிலோன் சிறையிருப்பின் காலத்தில் வாழ்ந்த, பெயர் தெரியாத வேறொரு தீர்க்கதரிசியுடையவை. பக்தியுள்ள கிறிஸ்தவர்களும் யூதர்களும் உட்பட இன்றைய விவிலிய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள்.

அற்புதங்களை நம்பாதவர்களின் முன்முடிவு இது என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு தடயத்தைப் பார்க்க வேண்டும். 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் பெத்தேல் பலிபீடத்தின் முன் நின்று ஒரு தேவமனிதர் பேசுகிறார். தாவீதின் வம்சத்தில் ஒரு பிள்ளை பிறப்பான், அவன் பெயர் யோசியா என்கிறார். இன்னும் வராத ஒருவனை அறிமுகப்படுத்தும் முறை அது. குலம், பிறப்பு, பெயர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஏசாயாவில் கோரேஸுக்கு அந்த அறிமுகம் எதுவும் இல்லை. எந்தக் குலத்தான், எப்போது பிறப்பான் என்ற பேச்சே கிடையாது. கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளாகவே அவன் வந்து நிற்கிறான். 41ஆம் அதிகாரத்திலேயே அவன் கிழக்கிலிருந்து எழுப்பப்பட்டுவிட்டான், வடக்கிலிருந்து வந்துவிட்டான், ஆட்சியாளர்களை மிதித்துக்கொண்டிருக்கிறான். கி.மு. 550 வாக்கில் மேதியரை வென்று, சில ஆண்டுகளில் லிடியாவின் குரோசஸையும் வீழ்த்திய சைரஸின் பெயர், 540களில் பாபிலோனில் இருந்தவர்களின் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

தீர்க்கதரிசிகள் வரப்போவதை நடந்து முடிந்ததாகச் சொல்வது எபிரேய வழக்கம் என்று மரபுவாதிகள் பதில் சொல்கிறார்கள். அந்த வழக்கம் உண்மைதான். ஆனால் இடிந்த நகரம், சிறைபோன மக்கள், பாபிலோனின் கோயில் ஊர்வலங்கள் என்று பின்னணி முழுவதையும் அந்த ஒரு வழக்கத்தால் விளக்கிவிட முடியாது. 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல் சுருளையும் அவர்கள் காட்டுவார்கள். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சுருளில் 39ஆம் அதிகாரம் முடிந்ததும், 32ஆம் பத்தியின் கடைசி வரியிலேயே 40 தொடங்கிவிடுகிறது. இரண்டு நூல்கள் என்ற எண்ணமே எழுதியவருக்கு இல்லை. சரி. ஆனால் அந்தப் பிரதி எடுக்கப்பட்டது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சைரஸ் இறந்து ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து. அதற்குள் நூல் ஒன்றாகிவிட்டிருந்தது என்பதை அது காட்டும். யார் எப்போது எழுதினார் என்பதைக் காட்டாது.

பிந்தைய காலத்தை ஏற்றுக்கொண்டாலும் முன்னறிவிப்பு முழுக்கக் கரைந்துவிடுவதில்லை. அப்போது பாபிலோன் இன்னும் விழவில்லை. சிறைபோனவர்கள் திரும்புவார்கள், ஆலயம் எழும் என்று அந்த நேரத்தில் சொல்லத் துணிச்சல் வேண்டும். சொன்னது பெருமளவு நடக்கவும் செய்தது. மக்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள், கி.மு. 515 வாக்கில் இரண்டாம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் இது அரசியலைக் கூர்ந்து கவனிக்கும் எவரும் எட்டிப் பார்க்கக்கூடிய தூரம். நூற்றைம்பது ஆண்டு சில ஆண்டுகளாகச் சுருங்கும்போது சாட்சியின் கனமும் குறைகிறது.

இரண்டாவது கேள்வி, கோரேஸ் யார் பக்கச் சாட்சி? மோசூலில் பிறந்த ஹொர்முஸ்த் ராசம் 1879இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் பாபிலோன் இடிபாடுகளைத் தோண்டியபோது ஒரு களிமண் உருளை கிடைத்தது. ஒரு சாண் நீளம், நடுவில் பருத்த பீப்பாய் வடிவம், உடலெங்கும் ஆப்பு வடிவ எழுத்து. சைரஸ் உருளை என்று உலகம் அறிந்தது இதைத்தான். 2013 டிசம்பரில் மும்பை அருங்காட்சியகத்துக்கும் வந்துபோனது. பாபிலோனின் கடைசி மன்னன் நபோனிதஸ் மர்துக் தெய்வத்தின் வழிபாட்டைக் கெடுத்தான். கோபம் கொண்ட மர்துக் நேர்மையான அரசன் ஒருவனைத் தேசம் தேசமாகத் தேடினார். சைரஸின் கையைப் பிடித்தார், பெயர் சொல்லி அழைத்தார், தோழனாகப் பக்கத்தில் நடந்து, சண்டையில்லாமல் பாபிலோனுக்குள் அழைத்துவந்தார். உருளை சொல்லும் கதை இது. ஏசாயா 45ஐத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கையைப் பிடிப்பவர் கர்த்தர், பெயர் சொல்லி அழைப்பவர் கர்த்தர், முன்னே போய்க் கதவுகளைத் திறப்பவரும் கர்த்தர்.

ஒரே அரசன், ஒரே வெற்றி. இரண்டு தெய்வங்கள் உரிமை கோருகின்றன. உருளையில் எருசலேமைப் பற்றியோ யூதர்களைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. டைகிரிஸுக்கு அப்பாலிருந்த ஊர்களின் தெய்வச் சிலைகளையும் மக்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பிவைத்ததாக இருக்கிறது. யூதர்கள் திரும்பிப்போய் ஆலயம் கட்டலாம் என்று கோரேஸ் இட்டதாக எஸ்றா நூல் சொல்லும் ஆணை இந்தக் கொள்கையோடு பொருந்திப்போகிறது. ஆனால் எஸ்றாவில் பரலோகத்தின் தேவன் தனக்கு அரசாட்சி தந்ததாகச் சொல்லும் அதே கோரேஸ், பாபிலோனில் மர்துக் தந்ததாகச் சொல்கிறான். எந்த ஊரில் ஆள்கிறானோ அந்த ஊர்த் தெய்வத்தின் பெயரால் ஆள்வது அவனுடைய ராஜதந்திரம். அவன் வென்றதை வைத்துக் கடவுளை நிரூபிப்பதானால், மர்துக்கின் பூசாரிகளும் அதே வரிசையில் வந்து நிற்பார்கள்.

மூன்றாவது கேள்வி, நிறைவேறாதவை எங்கே? ஏசாயா 13இல் பாபிலோன் மேதியர் கையால் சோதோம் கொமோராவைப் போல அழிகிறது. 46இல் பேல், நேபோ தெய்வங்கள் மிருகங்களின் மேல் ஏற்றப்பட்டுச் சிறைபோகின்றன. நடந்ததோ வேறு. ஓபிஸில் கடும் போர் நடந்தது, தலைநகரில் நடக்கவில்லை. பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பேட்டின்படி படை சண்டையின்றி நுழைந்தது, கோயில் சடங்குகள் தடைபடவில்லை, சில நாள் கழித்து வந்த சைரஸின் பாதையில் பச்சைக் கிளைகள் பரப்பப்பட்டன. கி.மு. 323இல் அலெக்சாண்டர் வந்து இறந்தபோதும் பாபிலோன் பெருநகரமாகவே இருந்தது. எசேக்கியேல் இன்னும் வெளிப்படை. நேபுகாத்நேச்சார் தீரு நகரத்தை இடித்துக் கொள்ளையிடுவான் என்கிறது அவருடைய 26ஆம் அதிகாரம். அவ்வளவு பாடுபட்டும் அவனுக்கும் படைக்கும் தீருவில் கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும் என்கிறது 29ஆம் அதிகாரம். சொன்னது சொன்னபடி நடக்காததை அவர் மறைக்கவில்லை. அத்தாட்சிப் பட்டியல் போடுகிறவர்கள்தான் 29ஐ விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விஷ்ணு புராணம் நந்தர்களின் ஆட்சியையும், கௌடில்யர் சந்திரகுப்தனை அரியணை ஏற்றுவதையும் இனி நடக்கப்போவதாகவே சொல்கிறது. அதைக் காட்டி ஒருவர் விஷ்ணுவே மெய்த்தெய்வம் என்று வாதாடினால், கிறிஸ்தவ நண்பர் என்ன சொல்வார்? நடந்த பிறகு எழுதியதுதானே என்பார். சரியாகத்தான் சொல்வார். பாபிலோனியரிடமும் இந்த எழுத்துமுறை இருந்தது. அரசர்களின் கடந்தகாலத்தை வருங்காலமாகச் சொல்லும் களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அடுத்தவர் புராணத்திடம் கேட்கும் கேள்வியைத் தன் வேதத்திடம் கேட்க மறுத்தால், கையில் மிஞ்சுவது ஆதாரம் ஆகாது, சலுகைதான்.

இந்த ஐயம் வேதத்துக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அவன் கர்த்தரின் பெயரால் பேசியவன் அல்ல என்கிறது உபாகமம் 18. அதே நூலின் 13ஆம் அதிகாரம் ஒரு படி மேலே போகிறது. அவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், வேறு தெய்வங்களிடம் அழைப்பவனானால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. பலித்துவிட்டது என்பது மட்டும் போதாது என்று மோசேயின் சட்டமே சொல்லிவிட்டது.

அப்படியானால் ஏசாயா 45இல் மிஞ்சுவது என்ன? மிஞ்சுவதுதான் பெரியது என்பது எங்கள் எண்ணம். இஸ்ரவேலின் அரசர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் உரிய அபிஷேகப் பட்டத்தை, தங்கள் கடவுளை அறியாத ஓர் அந்நியனுக்குத் தூக்கிக் கொடுக்கிறார் இந்தப் பெயர் தெரியாத தீர்க்கதரிசி. கேட்டவர்களில் பலர் முகம் சுளித்திருக்க வேண்டும். களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்ற அதட்டல் அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி வருகிறது. அந்த முணுமுணுப்புக்கான பதில் அது என்று உரையாசிரியர்கள் பலர் கொள்கிறார்கள். வென்றவனின் தெய்வமே பெரிய தெய்வம் என்று உலகம் நம்பிய காலம். அரசும் ஆலயமும் படையும் இழந்த ஒரு சிறு கூட்டம், தோற்றது நாங்கள், எங்கள் கடவுள் தோற்கவில்லை என்று சொல்லத் துணிந்தது. ஒளியையும் இருளையும் படைத்தவர் ஒருவரே, வேறு கடவுள் இல்லை என்று எபிரேய மரபு மிகத் தெளிவாக முழங்குவதும் இந்த அதிகாரத்தில்தான். இதை ஜோசியப் பலனாகச் சுருக்குகிறவர்கள் நூலுக்குப் பெருமை சேர்க்கவில்லை.

சுருக்குவதில் அரசியல் ஆபத்தும் இருக்கிறது. 1953இல், இஸ்ரேல் உருவாக உதவியவர் என்று ஒரு நண்பர் அறிமுகப்படுத்தியபோது, முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன்னையே கோரேஸ் என்று சொல்லிக்கொண்டார். 2018இல் நெதன்யாகு ட்ரம்பைக் கோரேஸோடு ஒப்பிட்டார். அதே ஆண்டு இஸ்ரேலிய அமைப்பொன்று ட்ரம்ப், கோரேஸ் இருவர் முகத்தையும் பொறித்து நாணயம் வெளியிட்டது. ட்ரம்ப் 45ஆவது அதிபர், ஏசாயாவிலும் 45ஆம் அதிகாரம் என்று கணக்குப் போட்ட போதகரும் உண்டு. இன்றைய அதிகாரப் பிரிவுகள் விவிலியத்தில் ஏறியது கி.பி. 13ஆம் நூற்றாண்டில்தான். அரசனைக் கடவுளுக்கு ஆதாரமாக வைத்தால், அடுத்த படியில் கடவுளே அந்த அரசனுக்கு ஆதாரமாகிவிடுகிறார். ஏசாயா நூல் அந்த வேலையைச் செய்யவில்லை. 48ஆம் அதிகாரத்தோடு கோரேஸ் மறைந்துவிடுகிறான். அதன்பின் முன்னுக்கு வருபவர், அடிபட்டு, அவமதிக்கப்பட்டு, வாய் திறவாமல் நிற்கும் ஓர் ஊழியர்.

எங்கள் தீர்ப்பு இதுதான். ஒரு பேரரசு எப்படி விழுந்தது, சிறைபோன மக்கள் எப்படித் திரும்பினார்கள், தங்கள் தோல்வியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கெல்லாம் கோரேஸ் நல்ல சாட்சி. கடவுள் உண்டு என்பதற்கு அவன் சாட்சி செல்லாது. கடவுள் இல்லை என்பதற்கும் செல்லாது. நம்புகிறவர்கள் தங்கள் நம்பிக்கையை ஒரு நூலின் தேதியில் கட்டிவைக்க வேண்டாம். நம்பாதவர்கள் தேதி பிந்தியது என்று கண்டதும் நூலை மூடிவைக்க வேண்டாம். ஏசாயா 40 முதல் 55 வரை பதினாறு அதிகாரங்கள், ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். படித்துவிட்டு எழுதுங்கள், விவாதிப்போம்.