தோபித்து இல்லத்தில் ஒரு பாடம்



தந்தை ஒருவர் மகனை அருகில் அழைத்து வாழ்வைக் கற்பிக்கும் காட்சியைத் தோபித்து நூலின் நான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். சொந்த மண்ணிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு நினிவேயில் வாழ்ந்தவர் தோபித்து. பார்வையை இழந்த பின் மனைவி அன்னா கூலிக்கு உழைத்தே குடும்பம் நடந்தது. சாவு நெருங்கிவிட்டதாக எண்ணிய அவர், வேறோர் ஊரில் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியைப் பற்றிச் சொல்லவே மகன் தோபியாவை அழைக்கிறார். ஆயினும் பணத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசுகிறார். தாயை மதிக்கவும், ஏழையைக் கண்டு முகம் திருப்பாதிருக்கவும், குறைவாக இருந்தால் அந்தக் குறைவிலிருந்தே கொடுக்கவும், உழைத்தவரின் கூலியை இரவு கடக்குமுன் கொடுக்கவும் முதலில் கற்பிக்கிறார்.

நம் மலையகப் பெற்றோரின் கதை இதற்குத் தொலைவானதன்று. கோப்பித் தோட்டங்களுக்கென 1820களில் தொடங்கிய வருகையில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த வழியிலேயே மாண்டவர் பலர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழிவந்தோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் உறவுகளைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயக் காம்பராக்களில் வாழ்ந்த இப்பெற்றோரிடம் ஒப்படைத்து வைக்கத் தாலந்து இருக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தர அவர்களிடம் இருந்தது அறிவுரை மட்டுமே. அதையும் அவர்கள் பெரும்பாலும் வாயால் சொல்லவில்லை.

விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பனியிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறித்த தாய், கடமை என்றால் என்ன என்பதைக் காட்டினாள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் லயம் முழுவதும் அடுப்பேற்றி அவ்வீட்டுக்குச் சோறு அனுப்பியது. சுவருக்கு இப்பால் திருஇருதயப் படத்தின்முன் செபமாலை. அப்பால் மாரியம்மனுக்கு விளக்கு. இரு வீட்டாரும் ஒருவர் துன்பத்தை மற்றவர் சுமந்தனர். குறைவிலிருந்து கொடுப்பது எப்படி என்பதை நாம் கற்ற இடம் அதுவே.

அவர்கள் உழைப்புக்கு உரிய கூலி உரிய காலத்தில் கிடைத்ததா? நாட்சம்பளமாக 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021இல்தான் நிறைவேறியது. அந்த அற்பச் சம்பளத்திலும் கொப்பி, பென்சில், சீருடைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினார்கள். அந்தப் பங்கிலிருந்து ஆசிரியர்களும் தாதியரும் அருட்பணியாளர்களும் உருவானார்கள்.

ஆனால் இன்று நம்மிடையே ஒரு நோய் பரவியிருக்கிறது. கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை, ஊர் எதுவென்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்கிறது. தேயிலைக் கறை படிந்த விரல்களோடு தாய் பாடசாலைக் கூட்டத்துக்கு வருவதை மகள் விரும்புவதில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்பிவிட்டால் நான்காம் கட்டளை நிறைவேறிவிட்டது என்று எண்ணுகிறோம். தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமை காட்டு, உன் வலிமையை நினைத்து அவரை இகழாதே என்றல்லவா சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரம் எச்சரிக்கிறது!

இங்கே ஒன்றைப் பிரித்தறிவதும் அவசியம். துரையைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து ஒதுங்கி நின்ற பழக்கம் பெற்றோர் நமக்குக் கற்பித்த பாடமன்று; அது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட அச்சம். அச்சத்தைத் தாழ்ச்சி என்று பெயரிட்டுப் பிள்ளைகளிடம் கையளிக்க வேண்டாம். தாம் குனிந்து நின்றவர்களே, பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆகவே அநீதிக்கு முன் நிமிர்வது அவர்களை மீறுவதாகாது. அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றுவதாகும். அப்படி நிமிர்ந்தவர், தம்மைச் சுமந்து வளர்த்தவர்களைக் குனிந்து பார்க்க வெட்கப்படுவதே பெரும் முரண்.

2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் விழுந்த வழியை மதிப்போடு மிதித்த நடை அது. நாம் அத்தனை தூரம் நடக்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் வீடு சென்று, தாய் தந்தையின் அருகில் அமர்ந்து, அவர்கள் கதையைக் கேட்போம். நம் பிள்ளைகளையும் அருகில் இருத்துவோம். வீடு, வாகனம், வங்கிக் கணக்கு பற்றிப் பேச நேரம் உண்டு. தோபித்தைப் போல அவற்றைக் கடைசியில் பேசுவோம்.

பெற்றோரை மதிக்கும் இல்லங்களில் இறையாசீர் என்றும் நிலைப்பதாக!