செருப்பைக் கழற்றலாம், பிறப்பைக் கழற்ற முடியுமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் நின்று பார்த்தால், உலகமே நடந்து போவது போலிருக்கும். 14 கிலோமீட்டர் சுற்று. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், சென்னையிலிருந்து பேருந்து பிடித்து வந்த இளைஞர்கள், ரமணாசிரமத்துப் பக்கம் மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் என எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காலில் செருப்பில்லை.

1896-ல் பதினாறு வயதுப் பையனாக வந்து சேர்ந்த ரமணர் இந்த மலையை விட்டுப் போகவே இல்லை. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 1934-ல் வெளியான பிறகு, கடல் கடந்தும் இந்த ஊரின் பெயர் பரவியது. இன்று நம் மாவட்டத்தின் ஆட்டோக்காரர், பூக்காரம்மா, இட்லிக்கடை, விடுதி என்று பல ஆயிரம் பேருடைய அடுப்பு எரிவது வெளியூர்க்காரர் வருகையால்தான். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

வருகை கூடக் கூட, உரசலும் கூடியிருக்கிறது. அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் வருகிறார்கள், சாமி முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள், குளத்துப் படியில் துணி மாற்றுகிறார்கள் என்று உள்ளூரார் குறைப்படுகிறார்கள். எங்களை முறைத்துப் பார்க்கிறார்கள், இரட்டை வாடகை கேட்கிறார்கள், கேட்காமல் படம் எடுக்கிறார்கள் என்று வந்தவர்கள் குறைப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "ஊர் வழக்கத்தை மதியுங்கள்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். நல்ல பதில்தான். ஆனால் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட நம்மால் முடியவில்லை. ஏனென்றால் 'ஊர் வழக்கம்' என்ற அதே சொல்லைக் காட்டித்தான் நம் பாட்டன், பூட்டனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஆகவே முதலில் வழக்கத்தைத் தரம் பிரிக்க வேண்டும்.

ஒரு வகை வழக்கம், உள்ளே வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. செருப்பைக் கழற்று, உடம்பை மூடிக்கொள், சத்தம் போடாதே, கைப்பேசியை வெளியே வை. இதை யாரும் கடைப்பிடிக்கலாம். இரண்டு நிமிட வேலை. பிரான்சிலிருந்து வந்தவராக இருந்தாலும் போளூரிலிருந்து வந்தவராக இருந்தாலும் ஒரே விதி. இதற்குப் பெயர் மரியாதை. தர்காவுக்குப் போனால் தலையை மூடிக்கொள்கிறோம். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது நடுவில் நடமாடாமல் நிற்கிறோம். புத்த விகாரையில் வாய் பேசாமல் உட்காருகிறோம். நம்பிக்கை இல்லாதவரும் இதைச் செய்யலாம். செய்தால் எதுவும் குறைந்துபோவதில்லை.

இன்னொரு வகை வழக்கம், நீ யார் வீட்டில் பிறந்தாய் என்று கேட்கிறது. அதை எவ்வளவு முயன்றாலும் கடைப்பிடிக்க முடியாது. குளித்துவிட்டு வந்தாலும், விரதம் இருந்தாலும், வேட்டி கட்டினாலும், வரி கொடுத்தாலும் போதாது. வெளிநாட்டு விருந்தாளி செருப்பைக் கழற்றினால் உள்ளே போகலாம். நம்மவர் எதைக் கழற்றினால் உள்ளே போகலாம்? இதற்குப் பெயர் மரியாதை அல்ல, தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அதை ஒழித்துவிட்டது.

செருப்பு என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொரு நினைவும் வரும். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தலைமுறை அது. சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தோளில் துண்டு இருந்தால் இடுப்புக்கு வர வேண்டும். சுற்றுலாப் பயணி தெய்வத்தின் முன் செருப்பைக் கழற்றுகிறார். அது அவராக மனம் ஒப்பிச் செய்வது. நம் பெரியவர்கள் மனிதர் முன், ஒரு தெருவின் முன் கழற்றினார்கள். அது அடித்துச் செய்ய வைத்தது. இரண்டையும் 'வழக்கம்' என்ற ஒரே கூடையில் போட நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இது பழங்கதை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வெளிநாட்டவர் தடையின்றி மலையைச் சுற்றிவரும் இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் தலைமுறைகளாகக் கால் வைக்க முடியாமல் இருந்தது. 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வர, பெரும் போலீஸ் பாதுகாப்போடுதான் அவர்கள் உள்ளே போனார்கள். காந்தி நினைவு நாளான அன்றுதான் ஆண்டுதோறும் அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் காவல் துறை துணையோடுதான் நம் மக்கள் வழிபட முடிந்தது. சொந்த ஊர் அம்மனைப் பார்க்கப் போலீஸ் வண்டி வேண்டியிருந்தது. விமானம் ஏறி வந்தவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டவர் மீது நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் வரட்டும், சுற்றட்டும், கும்பிடட்டும். அறியாத ஊர்க்காரரை "வாங்க" என்று உள்ளே அழைக்கத் தெரிந்த மனதுக்கு, அறிந்த ஊர்க்காரரை அழைக்க ஏன் தெரியவில்லை என்பதே நம் கேள்வி.

2024 ஜனவரி 30 அன்று பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு சொன்னது. கோயில் சுற்றிப் பார்த்துப் பொழுது போக்கும் இடமல்ல. இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்க வேண்டும் என்றது. கூடவே, வேற்று மதத்தவர் ஒருவர் அந்தத் தெய்வத்தின் மீது நம்பிக்கை கொண்டு வர விரும்பினால், நம்பிக்கையையும் கோயில் வழக்கத்தைப் பின்பற்றுவதையும் உறுதிமொழியாக எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வேற்று மதத்தவருக்குக்கூட ஒரு உறுதிமொழித் தாள் கதவைத் திறக்கிறது. சேரியில் பிறந்து, ஆடி மாதம் கூழ் ஊற்றி, அந்த அம்மன் பெயரையே மகளுக்கு வைத்திருக்கும் தாய், எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்?

அவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தார்கள். 1947-ல் ஆலய நுழைவுக்கான சட்டம் வந்தது. பட்டியல் சாதியினரை வழிபாட்டுத் தலத்துக்குள் விடாமல் தடுப்பது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கோயில் சாவி மட்டும்தான் பல ஊர்களில் இன்னும் வேறு யாரோ கையில் இருக்கிறது.

கிரிவலம் முடிந்த மறுநாள் விடியற்காலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கானவர் நடந்து போன பாதையில் அன்னதானத் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் எச்சில் சோறும் கிடக்கும். குனிந்து அதை அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். தீபத் திருநாளில் ஊரே மலை உச்சியை அண்ணாந்து பார்க்கும்போது, அவர்கள் கண் தரையில் இருக்கும். புண்ணியம் தேடி வந்தவர், தன் எச்சில் தட்டை இன்னொருவர் கையால் எடுக்க வைத்துவிட்டுப் போவது என்ன புண்ணியம்? மத உணர்வை மதிப்பது என்றால் சிலைக்கு முன் கைகூப்புவது மட்டுமல்ல. அந்த ஊரில் வேலை செய்கிற மனிதரின் மானத்தை மதிப்பதும் அதில் அடக்கம். உள்ளூர்க்காரராக இருந்தாலும் வெளிநாட்டவராக இருந்தாலும் இந்தச் சொல் எல்லோருக்கும் பொருந்தும்.

நம் தெருவுக்கு வருகிறவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆடித் திருவிழாவில் நம் பெண்கள் மீது சாமி இறங்கும்போது, முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். மறுநாள் அது சிரிப்புப் பாட்டோடு ஊர் ஊராகச் சுற்றுகிறது. பறை அடிக்கிறவரைக் கேட்காமல் படம் எடுத்து, பெயர்கூடப் போடாமல் சுற்றுலா விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். பெரிய கோயிலில் கைப்பேசிக்குத் தடை கேட்டு 2022-ல் நீதிமன்றம் வரை போனார்கள், தடையும் கிடைத்தது. நம் காளியம்மனும் சாமிதான். நம் அக்காவின் மானமும் மானம்தான். "எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

நாமும் இந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாமும் பயணிகள்தான். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறோம். 1956-ல் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீட்சாபூமிக்கு ரயிலேறிப் போகிறோம். அங்கெல்லாம் நாம்தான் வெளியூர்க்காரர். தொழுகை நேரத்தில் குறுக்கே நடப்பதும், பிறர் வழிபாட்டைக் கேலி பேசுவதும் நமக்கும் தகாது. நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணின் உடையைப் பார்த்து விசில் அடிப்பதும், செல்ஃபிக்காக அவரைச் சூழ்ந்துகொள்வதும் நம் பையன்கள் விட்டுவிட வேண்டிய பழக்கம். முறைத்துப் பார்க்கப்படுவது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாதா?

மாணவர்கள் ஒரு வேலையைக் கையில் எடுக்கலாம். கோயில்களைப் பற்றிய வழிகாட்டிக் கையேடுகளில் பெரும்பாலும் கோபுரம் எத்தனை நிலை, எந்த அரசன் கட்டினான், என்ன உடை உடுத்த வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். யார் எத்தனை தலைமுறை வெளியே நின்றார்கள் என்பது இருக்காது. கார்த்திகை தீபத்தைப் பௌத்தர்களின் விழாவாக விளக்கி எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் பெயரும் இருக்காது. உங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றை உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். வருகிறவரிடம் அதையும் சொல்லுங்கள். ஊரை முழுதாக அறிந்தவர்தான் ஊரை மதிக்க முடியும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறநிலையத் துறைக் கோயில்களின் வாசலில் உடை பற்றியும் கைப்பேசி பற்றியும் பலகை வைக்கிறார்கள். அதே வாசலில், அதே அளவு எழுத்தில் இன்னொரு பலகை வையுங்கள்: "எல்லாச் சாதியினரும் இங்கே சமமாக வழிபடலாம். தடுப்பது குற்றம்." கீழே புகார் செய்ய வேண்டிய அதிகாரியின் தொலைபேசி எண் இருக்கட்டும். கிராமத்துக் கோயில்களிலும் அது இருக்கட்டும். தமிழ் தெரியாத பயணிகளுக்காக ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இந்த ஊர் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று அவர்களும் படிக்கட்டும். கிரிவலப் பாதையில் குப்பை போடுகிறவரிடம் அபராதம் வாங்குங்கள். அந்தப் பணத்தைத் தூய்மைப் பணியாளர்களின் கையுறைக்கும் காலணிக்கும் செலவிடுங்கள்.

அடுத்த பௌர்ணமிக்கும் லட்சம் பேர் வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். அந்தக் குவியலில் எது யாருடைய செருப்பு, எந்தச் சாதிச் செருப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. மலையைச் சுற்றும் பாதையில் ஓர் இரவுக்குச் சாத்தியமாகிற இந்தச் சமத்துவம், தென்முடியனூரிலும் செல்லங்குப்பத்திலும் நம் ஒவ்வொரு ஊரிலும், போலீஸ் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் சாத்தியமாக வேண்டும். விருந்தாளிக்கு நாம் கற்றுக்கொடுக்கும் மரியாதை அன்றைக்குத்தான் நமக்கும் சொந்தமாகும்.