உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்கண்ணா!

மக்களே, படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இப்ப நீங்க போட்டிருக்கிற குர்த்தி அல்லது சட்டையோட பக்கவாட்டுத் தையலை உள்பக்கமாத் திருப்பிப் பாருங்க. ஆஃபர்ல வாங்கினதா இருந்தா, பெரும்பாலும் தையலை ஒட்டியே ஓவர்லாக் அடிச்சு மிச்சத் துணியை வெட்டியிருப்பாங்க. அடுத்ததா, டெய்லர்கிட்ட கொடுத்துத் தைச்ச ஒரு சுடிதாரையோ அம்மாவோட ஜாக்கெட்டையோ திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சுக்குத் துணி மடங்கி உள்ளயே இருக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மூணு தையல் ஓடியிருக்கும். உடம்பு போட்டா ஒரு தையலைப் பிரிச்சுக்கலாம், இளைச்சா இன்னொண்ணு பிடிச்சுக்கலாம்.

"உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்கண்ணா." எங்க கோயம்புத்தூர்ப் பக்கம் டெய்லர் கடையில நின்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதைக் கேட்கலாம். வளர்ற பொண்ணுக்குப் பாவாடை தைச்சா கீழ ரெண்டு டக் பிடிக்கச் சொல்வாங்க. வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு விட்டா அதே பாவாடை மூணு வருஷம் ஓடும். இதையே நாம மெஷின் டிசைன்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு படிக்கிறோம். நாளைக்கு என்ன லோடு வரும்னு தெரியாது, அதனால இன்னைக்கே கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறோம்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இதுதான்: சிக்கனம்ங்கிறது குறைஞ்ச விலை இல்லை. ஒரு பொருளைத் திறந்து, திருத்தி, மறுபடி பயன்படுத்த இடம் இருக்கா, அதுக்கான கை நமக்கு இருக்கா, அதுதான் சிக்கனம். அந்தக் கை நம்ம தலைமுறையில வேகமாக் குறைஞ்சுட்டு வருது. அதனால நஷ்டப்படுறது நம்ம பர்ஸ் மட்டும் இல்லை. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல கணக்கு. 349 ரூபாய்க்கு வாங்கின ஒரு குர்த்தி எட்டு தடவை போட்டு, துவைச்சு, சாயம் போய், தோள்பட்டையில பிரிஞ்சு மூலைக்குப் போச்சுன்னா ஒரு தடவைக்கு ஏறக்குறைய 44 ரூபாய். இப்போ என்னோட இன்னொரு குர்த்தி. அம்மா கட்டுறதை நிறுத்திட்ட ஒரு காட்டன் சேலையில தைச்சது. சேலை அஞ்சரை மீட்டர், ஒரு குர்த்திக்கு ரெண்டரை மீட்டர் போதும், ஆக ஒரு சேலையில ரெண்டு வரும். தையல்கூலி 400, லைனிங் 150. இதுவரைக்கும் 50 தடவைக்கு மேல போட்டாச்சு. ஒரு தடவைக்கு 11 ரூபாய், இன்னும் இறங்கிட்டே இருக்கு. விலைச்சீட்டைப் பார்த்தா 349தான் மலிவு. போட்ட தடவையால வகுத்தா நிலவரம் தலைகீழா மாறிடுது. ரெண்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனா ஆப்ல 'இன்னும் 2 மணி நேரம் மட்டும்'னு டைமர் ஓடும்போது இதை யாரும் போடுறதில்லை.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். 349 ரூபாய் உடுப்பு வாங்குறவங்களை நான் குறை சொல்லலை. கையில 349 மட்டும் இருக்கிற மாசமும் இருக்கும். அப்பவும் தையலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கன்னுதான் சொல்றேன். திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனா எக்ஸ்போர்ட்ல மிஞ்சின துணிமணி மலிவா, நல்லாவே கிடைக்குது. அங்கயும் நான் முதல்ல பார்க்கிறது உள்பக்கத்தைத்தான். கலரை அப்புறம் பார்த்துக்கலாம்.

மலிவுக்கு நம்ம பர்ஸுக்கு வெளியவும் ஒரு விலை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்க நாம ரொம்பத் தூரம் போக வேண்டாம். வெள்ளியங்கிரி மலையில பிறந்து, நம்ம ஊர் வழியா திருப்பூர் போய், காவிரியில சேர்றது நொய்யல். சாயப்பட்டறைக் கழிவு அந்த ஆத்துல கலந்து, கீழ ஒரத்துப்பாளையம் அணையில தேங்கிச்சு. பாசனத்துக்காகக் கட்டின அணையோட தண்ணி வயலுக்கு விட முடியாத தண்ணியாச்சு. விவசாயிகள் வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்புறம், கழிவுநீரை வெளியவே விடாம முழுசாச் சுத்திகரிக்கணும்ங்கிற நிபந்தனையோடதான் பட்டறைகள் திரும்ப ஓடுது. தைக்கிறவங்க கதையும் ஒண்ணு இருக்கு. 2013 ஏப்ரல் 24-ல டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கிற கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல இறந்தாங்க. பெரும்பாலானவங்க வெளிநாட்டுக் கடைகளுக்கு உடுப்பு தைச்ச தொழிலாளிகள். முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சது. ஆர்டர் முடியணும்னு மறுநாள் உள்ள வரவழைச்சாங்க. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இதைப் படிச்சிருப்பீங்க. எட்டு தடவை போடுற துணிக்குப் பின்னாடியும் இதெல்லாம் வருது, எண்பது தடவை போடுற துணிக்குப் பின்னாடியும் வருது. எண்பது தடவை போட்டா பத்துல ஒரு பங்கு துணிதான் தேவைப்படும்.

அடுத்தது கேக். "நீ இன்ஜினியரிங் படிக்கிறியா, கேட்டரிங் படிக்கிறியா?"ன்னு என்னைக் கேட்காத ஆள் கிளாஸ்ல கிடையாது. ஓவன் இல்லாத வீடு எங்களுது. பழைய, அடி கனமான குக்கர்தான் ஓவன். மூடியில கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துடணும். இது ரொம்ப முக்கியம், உள்ள பிரஷர் ஏறவே கூடாது. அடியில ஒரு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு வெச்சு, அஞ்சு நிமிஷம் சூடு பண்ணணும். மாவுக்கு, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒண்ணரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா. சிம்ல 40 முதல் 45 நிமிஷம். ஈர்க்குச்சி குத்தி எடுத்தா மாவு ஒட்டக் கூடாது. அவ்வளவுதான், முட்டைகூட வேண்டாம்.

இதுல கவனிக்க வேண்டியது தயிர். சோடாவைச் சூடு பண்ணினாலே கார்பன் டை ஆக்சைடு வரும், ஆனா கூடவே சோடியம் கார்பனேட் மிஞ்சும், கேக்குல சோப்பு வாடை அடிக்கும். தயிர்ல இருக்கிற அமிலம் சோடாவோட சேரும்போது அந்த வாடை இல்லாமலே வாயு வருது. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில தண்ணியைக் கொதிக்க வெச்சா தற்காலிகக் கடினத்தன்மை போகும்னு மனப்பாடம் பண்ணினோமே, அங்க நடக்கிறதும் பைகார்பனேட் சூட்டுல உடையிறதுதான். இது புரிஞ்சா ரெசிபி நம்ம கைக்கு வந்துடும். தயிர் இல்லைன்னா பால்ல எலுமிச்சை பிழியலாம். மைதா வேண்டாம்னா பாதிக்குக் கோதுமை போடலாம். சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச்சர்க்கரை போடலாம். துணியில உள்ள விட்ட ஒரு இன்ச் மாதிரி, ரெசிபியிலயும் உள்ள விட்ட இடம் இது.

கேக் வீட்டுல செஞ்சா மலிவாங்கிறதுக்கு நேர்மையான பதில்: மாவுச் செலவு 100 ரூபாய்க்குப் பக்கம் வரும், பேக்கரியில ஒரு கிலோ 700, 800 ஆகுது. ஆனா க்ரீம், நாசில், சிலிக்கான் மோல்டு, டர்ன்டேபிள்னு வாங்க ஆரம்பிச்சா பேக்கரியே மலிவு. எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் வேற. நம்ம ஹாஸ்டல்ல பிறந்தநாள்னா என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். 800 ரூபாய் கேக்குல முக்கால்வாசி முகத்துல போய், அப்புறம் வாஷ்பேசின்ல போகுது. முக்கால் மணி நேரம் அடுப்புப் பக்கத்துல நின்னு பொங்கி வர்றதைப் பார்த்தவங்களால ஒரு கேக்கை எடுத்து இன்னொருத்தர் மூஞ்சியில அப்ப முடியாது. எடுத்து ஒரு வாய் ஊட்டத்தான் தோணும்.

கைவேலையிலும் இதே கணக்கு. ரெசின் கிட், கலர், மோல்டுன்னு 1,200 ரூபாய்க்கு ஆர்டர் பண்ணி, ரெண்டு கீசெயின் செஞ்சு, மிச்சம் கட்டிலுக்கு அடியில கெட்டியாகிப் போனா, அது ஷாப்பிங். எங்க தெருவுல ஒயர் கூடை பின்னுற அக்காங்களைப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஒயர் கட்டு மூணு நாலு வாங்கி, நாலு சாயங்காலம் உக்காந்தா ஒரு மார்க்கெட் கூடை ரெடி. சிவன் கண், நெல்லிக்காய்னு ஒவ்வொரு பின்னலுக்கும் பேரு இருக்கு. பத்து கிலோ காய் தூக்கும். கைப்பிடி அறுந்தா கூடையைத் தூக்கிப் போட மாட்டாங்க, கைப்பிடிக்கு மட்டும் புது ஒயர் கோப்பாங்க. அந்த முடிச்சுக்கு ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க, இழுவை எப்படிப் பிரியுதுன்னு பார்க்க அழகா இருக்கும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க? பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட், அரியர்"னு கேட்பீங்க. நியாயம்தான். எல்லாரும் எல்லாத்தையும் செய்யணும்னு நான் சொல்லலை. பட்டன் தைக்க மூணு நிமிஷம், ஓரம் பிரிஞ்சதைக் கையால அடிக்க பத்து நிமிஷம். திருப்பிக் கொடுக்கிற பார்சலுக்கு டெலிவரி ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கிற நேரம் இதைவிட அதிகம்.

இன்னொரு கேள்வி, "இதெல்லாம் பொண்ணுங்க வேலைதானே?" பசங்களே, நம்ம தெரு டெய்லர் அண்ணாவையும் பேக்கரி மாஸ்டரையும் போய்க் கேட்டுட்டு வாங்க. சம்பளம் வந்தா ஆம்பளை வேலை, வீட்டுல செஞ்சா பொம்பளை வேலைன்னு பிரிச்சது யாரு? முதல் வருஷம் இன்ஜினியரிங் ப்ராக்டிசஸ் லேப்ல பைப் ஃபிட்டிங், மர ஜாயின்ட், வயரிங், வெல்டிங், சால்டரிங் எல்லாம் பொண்ணுங்களும் செஞ்சோம். யாரும் ஆம்பளை வேலைன்னு ஒதுங்கலை. அதே மேஜையில ஒரு ஊசி நூலும் இருந்திருக்கலாம்.

பொண்ணுங்களுக்குன்னே ஒரு கேள்வி தனியா வரும். "இவ்வளவு நல்லாச் செய்றியே, பேஜ் ஆரம்பிச்சு வித்தா என்ன?" அன்பாத்தான் கேட்கிறாங்க. விக்கிறவங்களுக்கு என் மரியாதை. ஆனா வித்தாத்தான் இந்த அறிவுக்கு மதிப்புன்னு இல்லை. கால்குலஸ் தெரிஞ்சவங்ககிட்ட யாரும் டியூஷன் பேஜ் ஆரம்பின்னு சொல்றதில்லையே!

இப்ப பர்ஸைத் தாண்டின நஷ்டத்துக்கு வர்றேன். எத்னிக் டே, சிம்போசியம், ஃபேர்வெல்னு நம்ம காலேஜ்ல வருஷத்துக்கு நாலு தடவை கலர் கோட் வருது. டிபார்ட்மென்ட் முழுக்க ஒரே கலர் சேலை, ஒரே கலர் சட்டை. சேலை 1,500, ஜாக்கெட் தையல் 700, வளையல், பூ எல்லாம் தனி. போட்டோ ஒரு தடவை ஏறிட்டா அதே சேலையைத் திரும்பக் கட்டக் கூடாதுங்கிறது எழுதாத சட்டம். ஒவ்வொரு தடவையும் சிலர் வர்றதில்லை. கேட்டா காய்ச்சல், ஊருக்குப் போறேன், பிடிக்கலைன்னு சொல்வாங்க. நாமும் சரின்னு விட்டுடுறோம். அந்த லிஸ்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாலு வருஷமா காய்ச்சல் சரியா எத்னிக் டே அன்னைக்கு, அதே ஆளுங்களுக்கு மட்டும் வருமா? முதல் பட்டதாரிச் சலுகையில படிச்சு, பஸ் பாஸ்ல வந்து போற ஒருத்தி, தன்னோட கடைசி குரூப் போட்டோவுல இல்லாமப் போறா. சேலை இல்லாம இல்லை, எல்லார் வீட்டுலயும் சேலை இருக்கு. 'அந்த' கலர்ல இல்லை.

அதனால கடைசி வருஷ மாணவியா கல்ச்சுரல் கமிட்டிக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, இந்த ஏப்ரல் ஃபேர்வெல்லுக்குக் கலர் கோட் வேண்டாம். 'வீட்டுல இருக்கிறது'ங்கிறதே தீமா இருக்கட்டும். அம்மா சேலை, சித்தி சேலை, அப்பாவோட வேட்டி, அண்ணன் சட்டை. கட்டிட்டு வர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கும். போட்டோவும் ஒரே கலர் சுவர் மாதிரி இல்லாம நல்லாவே வரும்.

ரெண்டு, லேடீஸ் ஹாஸ்டல்லயும் மென்ஸ் ஹாஸ்டல்லயும் ஆளுக்கொரு அலமாரி. துவைச்சு, அயர்ன் பண்ணி, போடாத நல்ல துணியை வைக்கலாம். தேவைப்படுறவங்க எடுக்கலாம். ரெண்டு நிபந்தனை: கிழிஞ்சது வைக்கக் கூடாது, யாரு எடுத்தாங்கன்னு எழுதக் கூடாது. ஏழைகளுக்கு உதவின்னு போர்டு மாட்டவும் கூடாது. வசதி இருக்கிறவங்களும் எடுக்கணும், அப்பதான் அது சகஜமாகும். நான் முதல்ல எடுக்கிறேன்.

மூணு, அடுத்த டெக் ஃபெஸ்ட்ல ரோபோ ஸ்டாலுக்குப் பக்கத்துல ஒரு மேஜை. ஒரு தையல் மெஷின், ஊசி நூல், பட்டன் டப்பா. ஆல்டரேஷன் தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம். மெஷினை எங்க வீட்டுல இருந்து கொண்டு வர்றேன், தூக்க ரெண்டு பேர் வந்தாப் போதும்.

ஜூன்ல நம்மள்ல பல பேர் பெங்களூரு, சென்னைன்னு முதல் சம்பளத்தோட தனியா இருக்கப் போறோம். அந்த முதல் மாசச் சம்பளத்தைக் குறி வெச்சு ஆயிரம் ஆஃபர் வரும். வாங்குங்க, ஆசைப்பட்டதை வாங்குங்க, அதுக்காகத்தானே படிச்சோம். வாங்குறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு தடவை உள்பக்கம் திருப்பிப் பாருங்க.