புயலைத் தேடிப் போகிறவர்கள்



வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? கொடியில் காயும் உடுப்புகளை அள்ளிக்கொண்டு வருவோம். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவு, ஜன்னல்களைச் சாத்துவோம். ஆனால், இடிமேகம் எங்கே திரளும் என்று கணக்குப் பார்த்து, அதை நோக்கியே நூற்றுக்கணக்கான மைல்கள் வாகனம் ஓட்டிப் போகும் மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். புயலைப் படம் பிடிப்பதே அவர்களது நோக்கம். அமெரிக்காவில் இவர்களைப் 'புயல் துரத்துவோர்' என்று அழைக்கிறார்கள்.

டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் சமவெளிதான் இவர்களது களம். மே, ஜூன் மாதங்களே பருவம். தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து சூடான ஈரக்காற்று வருகிறது. மேற்கிலிருந்து உலர்ந்த காற்று வருகிறது. மிக உயரத்தில் குளிர்ந்த காற்று வேகமாக வீசுகிறது. கீழே ஒரு திசையிலும் மேலே வேறொரு திசையிலும் காற்று இழுப்பதால், மேலெழும் காற்று கயிறு முறுக்குவதுபோல் சுழலத் தொடங்குகிறது. இவ்வாறு சுழலும் இராட்சத இடிமேகத்தின் அடியிலிருந்து சில வேளைகளில் யானைத் தும்பிக்கை போல ஒன்று தரைக்கு இறங்கும். அதுதான் டொர்னாடோ.

சூறாவளி என்றதும் கிழக்கு மாகாணச் சகோதரிகளுக்கு 1978 நவம்பர் நினைவுக்கு வரும். அது கடலில் உருவாகி, பெரும் பரப்பை மூடி, நாட்கணக்கில் நகர்ந்து வருவது. டொர்னாடோ வேறு வகை. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு மேல் அதற்கு அகலம் இல்லை. ஆயுளும் சில நிமிடங்களே. ஆனாலும் ஒரு தெருவைத் தரைமட்டமாக்கிவிட்டு, அடுத்த தெருவில் ஓர் ஓட்டைக்கூட அசைக்காமல் போய்விடும். 1999 மே 3ஆம் திகதி ஒக்லஹோமாவைத் தாக்கிய டொர்னாடோவில் காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீற்றரைத் தாண்டியது. 36 பேர் உயிரிழந்தனர்.

இதைத் தேடிப் போகும் பயணம் எப்படிப்பட்டது? காலையில் வானிலை வரைபடங்களைப் பார்த்து, மாலையில் மேகம் வெடித்தெழக்கூடிய ஊரைத் தீர்மானிப்பார்கள். பிறகு ஐந்நூறு, அறுநூறு கிலோமீற்றர் ஓட்டம். போய்ச் சேர்ந்ததும் ஏதாவதொரு பெற்றோல் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பு. பல நாட்களில் வானம் நீலமாகவே இருக்கும். வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் பிற்பகலில் மேகம் பூக்கோவா போல மளமளவென்று மேலெழும். அங்கே புயல்கள் பெரும்பாலும் வடகிழக்காக நகர்வதால், அனுபவசாலிகள் புயலின் தென்கிழக்கில் நின்றுகொள்வார்கள். தப்பிச் செல்ல ஒரு பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டே கமெராவை எடுப்பார்கள். மின்னலைப் படம் பிடிக்க, கமெராவை முக்காலியில் பொருத்தி, பல விநாடிகள் அதன் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

ஆலங்கட்டியும் ஆபத்தானது. 2010 ஜூலையில் தென் டகோட்டாவில் விழுந்த ஓர் ஆலங்கட்டி 20 சென்ரிமீற்றர் குறுக்களவு கொண்டது!

"இது என்ன வீண் வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ரேடார் கதிர் தூரம் போகப் போக, பூமியின் வளைவு காரணமாக நிலத்தை விட்டு உயர்ந்துவிடுகிறது. மேகத்தின் நடுவில் சுழற்சி இருப்பதை அது காட்டும். அந்தச் சுழல் தரையைத் தொட்டுவிட்டதா என்பதைச் சொல்ல மனிதக் கண் தேவை. பயிற்சி பெற்ற பார்வையாளர்களும் புயல் துரத்துவோரும் அனுப்பும் செய்தி, எச்சரிக்கையை உறுதிப்படுத்துகிறது. சங்கு ஊதுகிறது. ஒரு தாய்க்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகளை நிலவறைக்குள் இறக்கி, மெத்தையால் மூடிக்கொள்ள அது போதும்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. டிம் சமாரஸ் என்ற பொறியியலாளர் டொர்னாடோவின் பாதையில் அளவுக் கருவிகளை வைத்து ஆராய்ந்தவர். 2003இல் அவர் வைத்த கருவி, காற்றழுத்தம் 100 மில்லிபார் சடுதியாக வீழ்ந்ததைப் பதிவு செய்தது. மிகுந்த அவதானம் உள்ளவர் என்று பெயர் பெற்றவர். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே ஒரு டொர்னாடோ 4 கிலோமீற்றருக்கும் மேல் அகன்று, திடீரென்று திசை மாறி வேகமெடுத்தது. 55 வயதான அவரும், 24 வயது மகன் போலும், தோழர் கார்ல் யங்கும் அதில் பலியானார்கள்.

2022 ஏப்ரலில் நடந்தது இன்னொரு சோகம். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வானிலை படித்த மூன்று மாணவர்கள் புயலைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் வாகனம் வழுக்கியது. மூவரும் வீடு திரும்பவில்லை. புயல் அவர்களைத் தொடவேயில்லை. களைப்பு, வேகம், ஈரப் பாதை, வானத்தைப் பார்த்தபடி வாகனம் ஓட்டுவது ஆகியவை இந்தப் பயணங்களில் டொர்னாடோவுக்குக் குறையாத ஆபத்துகள்.

சகோதரிகளே! நம் நாட்டில் அந்த அளவு டொர்னாடோக்கள் இல்லை. மின்னல் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி இடிக்காத நாட்கள் குறைவு. இப்போது எல்லார் கையிலும் கமெரா உள்ள தொலைபேசி இருக்கிறது. மின்னலைப் படம் பிடிக்க மொட்டை மாடிக்கும் கடற்கரைக்கும் ஓடும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழக்கூடும். இடி காதில் கேட்டாலே நாம் அதன் எட்டுக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம்.

மகன் படமெடுக்க ஆசைப்பட்டால் அவனைத் திட்ட வேண்டாம். மூடிய ஜன்னலுக்கு உள்ளே நின்று எடுக்கச் சொல்லுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழியும் வரை வெளியே விடாதீர்கள். புயலைத் துரத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட, திரும்பி வரும் பாதையை முதலில் பார்த்து வைத்த பிறகே கமெராவைத் தொடுகிறார்கள் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.